விண்கலத்தில் கடத்தப்பட்டேன் என்பவரைப் பற்றி வாதிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேற்றுக்கிரகவாசிகள் தன்னைக் கடத்திப் போனார்கள் என்று ஒருவர் சொன்னால், கேட்பவர்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ‘பொய் சொல்கிறார்’ என்பது ஒரு கட்சி. ‘சொல்லும்போதே கை நடுங்குகிறதே, இது எப்படிப் பொய்யாகும்?’ என்பது இன்னொரு கட்சி. எதிரெதிராக நின்றாலும் இரண்டும் ஒரே தவறைத்தான் செய்கின்றன. மனமறிந்து பொய் சொல்லாத மனிதரும் நடக்காத ஒன்றை நடந்ததாக நம்பக்கூடும் என்பதை இரண்டுமே மறந்துவிடுகின்றன.

அந்த நடுக்கத்தையே எடுத்துக்கொள்வோம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மெக்னலி குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், கடத்தப்பட்டதாக நம்புகிறவர்களுக்கு அவர்கள் சொன்ன அனுபவத்தையே ஒலிப்பதிவாகப் போட்டுக் காட்டினார்கள். இதயத் துடிப்பு எகிறியது, வியர்வை கூடியது. உண்மையான கொடுமைக்கு ஆளாகி மனவடுவோடு வாழ்பவர்களிடம் காணப்படும் அளவுக்கே அந்த மாற்றங்கள் இருந்தன. நம்பிக்கை ஒன்றே உடலை அவ்வளவு உலுக்கிவிடுகிறது. ஆகவே பயம் மெய்யானது என்று ஒப்புக்கொள்ளுங்கள். நிகழ்ச்சியும் மெய் என்பதற்கு அதைச் சான்றாக வைக்காதீர்கள்.

அடுத்த தவறு, மறுப்பவர்கள் செய்வது. எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவியைப் போடுவது. தூக்க முடக்கம் நல்ல விளக்கம்தான். கனவு காணும் உறக்கத்தில் உடல் தசைகள் தளர்ந்து கட்டுண்டு கிடக்கின்றன. அந்தக் கட்டு அவிழும் முன் விழிப்பு வந்துவிட்டால், கண் திறந்திருக்கும், விரலைக்கூட அசைக்க முடியாது, நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் இருக்கும். நம் ஊரில் இதை அமுக்குவான் பேய் என்பார்கள். படுக்கையில் தொடங்கும் பல கடத்தல் கதைகளுக்கு இது பொருந்தும். ஆனால் மிகப் புகழ்பெற்ற கதைக்கே பொருந்தாது.

அது பெட்டி ஹில், பார்னி ஹில் தம்பதியின் கதை. 1961 செப்டம்பர் 19ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மலைப்பாதையில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். காரில் அவர்களோடு டெல்சி என்ற நாய். இருவரும் விழித்திருந்தார்கள். வானில் ஒரு வெளிச்சம் கூடவே வருவதாகத் தோன்றியது. பார்னி இறங்கி பைனாகுலரில் பார்த்தார், உள்ளே உருவங்கள் தெரிகின்றன என்று அலறியபடி ஓடி வந்து காரை விரட்டினார். இவர்களிடம் போய்த் தூக்க முடக்கம் என்றால், கதையைப் படிக்காமலே தீர்ப்புச் சொன்னதாகத்தான் ஆகும்.

அன்றிரவு நிலவுக்கு அருகே வியாழனும் சனியும் இருந்தன. பஸ் ஜன்னலில் உட்கார்ந்த குழந்தைக்கு நிலா கூடவே ஓடி வரும் அல்லவா? வளைந்து நெளிந்து செல்லும் மலைச்சாலையில் ஒரு கோளும் அப்படித்தான் துரத்தும். அந்த வெளிச்சம் தோன்றத் தொடங்கியதற்கு இதுவே தகுந்த விளக்கம் என்பது என் கருத்து. பார்னி கண்ட உருவங்கள் வரை இது நீளாது, அதற்கு அச்சமும் களைப்பும் வேண்டும். அவர் கறுப்பர், மனைவி வெள்ளையர். 1961இல் அறிமுகமில்லாத ஊர்களின் வழியே இரவில் போகும் அப்படிப்பட்ட தம்பதிக்கு உள்ளுக்குள் எவ்வளவு பதற்றம் இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். இதைச் சொல்லும்போது அவரை மனநோயாளியாக்கிவிடக் கூடாது. அந்த மனிதருக்கு அது பெரிய அநீதி.

வழியில் இரண்டு மூன்று மணி நேரம் ‘காணாமல் போனது’ என்பதைப் பெரிய சான்றாகக் காட்டுவார்கள். அடிக்கடி நிறுத்தி, மெதுவாக ஓட்டி, வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்த பயணம் அது. ஏன் இவ்வளவு தாமதம் என்ற கேள்வியை அவர்கள் முன் அழுத்தமாக வைத்தவர்கள், இரண்டு மாதம் கழித்துப் பேட்டி காண வந்தவர்கள்.

ஹிப்னாடிசத்தை நினைவின் பூட்டைத் திறக்கும் கருவியாக எண்ணுவதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு. 1964இல் பாஸ்டன் மனநல மருத்துவர் பெஞ்சமின் சைமன் பல மாதம் இருவரையும் தனித்தனியே ஹிப்னாடிசத்துக்கு உட்படுத்தினார். கடத்தலும் உடற்பரிசோதனையும் விரிவாக வெளிவந்தன. ஆனால் அந்த மருத்துவரே அதை நம்பவில்லை. பெட்டி கண்ட கனவுகளும், அவற்றை அவர் சொல்லக் கேட்ட பார்னியின் மனமும் சேர்ந்து உருவாக்கியதே அந்தக் கடத்தல் என்பது அவர் முடிவு. அவர்கள் பொய் சொன்னதாக அவர் கருதவில்லை. ஹிப்னாடிசத்தில் வரும் நினைவுகள் சாதாரண நினைவுகளைவிட நம்பகமானவை அல்ல என்று அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழு 1985இல் அறிவித்தது. விவரம் கூடும், உறுதி கூடும், துல்லியம் மட்டும் கூடுவதில்லை.

மறுப்பவர்களும் சான்றில் கறாராக இருக்க வேண்டும். கடத்தியவர்களுக்குப் பக்கவாட்டில் சுற்றி வளைந்த கண்கள் என்று ஹிப்னாடிசத்தில் பார்னி விவரித்ததற்குப் பன்னிரண்டு நாள் முன்பு, அப்படிக் கண் கொண்ட ஓர் உருவம் தொலைக்காட்சித் தொடரில் வந்தது. சுவையான ஒற்றுமைதான். ஆனால் அதைப் பார்த்ததே இல்லை என்றார் பெட்டி. அவர்கள் பார்த்ததாக நிறுவாமல் ‘அங்கிருந்துதான் எடுத்தார்’ என்று அடித்துச் சொல்வது, எதிர்த்தரப்பு செய்யும் அதே பிழை.

கடைசியாக, கதையைப் பின்னாலிருந்து படிக்காதீர்கள். பலரும் இந்தத் தம்பதியைப் பற்றி 1966இல் வந்த புத்தகத்திலிருந்து தொடங்குகிறார்கள். முதல் தாளைத் தேடுங்கள். சம்பவம் நடந்து ஒரு வாரத்தில், செப்டம்பர் 26ஆம் தேதி, பறக்கும் தட்டு ஆய்வாளர் டொனால்டு கீஹோவுக்குப் பெட்டி ஒரு கடிதம் எழுதினார். வானில் கண்ட பொருள் அதில் இருக்கிறது. பரபரப்பாக ஓடியாடிய உருவங்கள் இருக்கின்றன. பார்னி அடைந்த பீதி இருக்கிறது. கடத்தல் பற்றி ஒரு வரிகூட இல்லை. கனவுகள் அதற்குப் பிறகுதான் வந்தன.