கனடாவுக்குப் புதிதாக வந்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு மார்ச்சிலும் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் என் சாப்பாட்டு மேசை வரிக் கணக்கு மேசையாகிவிடும். புதிதாக வந்த பெடியன்கள் பிளாஸ்டிக் பையில் கடிதங்களைச் சுருட்டிக்கொண்டு வருவார்கள். கோப்பி ஊற்றிக் கொடுத்து ஒவ்வொன்றாக விரித்தால், நான் 2011இல் விட்ட அதே பிழை வரிசை குலையாமல் கிடக்கும். நல்ல குளிர்ச் சட்டை வாங்குங்கள், சின் நம்பரை (சமூகக் காப்புறுதி இலக்கத்தை) கண்டவனுக்கும் கொடுக்காதீர்கள் என்பதெல்லாம் விமானத்தில் பக்கத்து ஆசனத்தில் இருந்தவரே சொல்லியிருப்பார். அதை விடுவோம்.

‘கையில காசு’ வேலை

நான் வந்து மூன்றாம் கிழமையே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவப் போனேன். முதலாளி நம்மவர்தான். ‘தம்பி, செக்கிலை தந்தா ரக்ஸ் வெட்டுவாங்கள். உமக்கு என்ன மிஞ்சும்? கையிலை தாறன், எட்டு டொலர்’ என்றார். என்மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன்.

அப்போது எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் சட்டப்படி ஆகக் குறைந்த சம்பளம் மணிக்கு 10.25 டொலர். கிழமைக்கு 60 மணித்தியாலம் வேலை, எனக்கு வந்தது 480 டொலர். சட்டப்படி 44 மணித்தியாலத்துக்கு மேல் செய்யும் ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு தரவேண்டும். அப்படிப் பார்த்தால் கிட்டத்தட்ட 697 டொலர் வரும். ரக்ஸ் (வரி), பென்ஷன், காப்புறுதி எல்லாம் வெட்டியபிறகும் 480ஐ விடக் கூடத்தான் மிஞ்சியிருக்கும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க எனக்கு மூன்று வருசம் பிடித்தது. கணக்குப் படித்தவன் நான்!

உண்மையான அடி பிறகுதான் விழுந்தது. மனுசியும் அதே குசினியில் மரக்கறி வெட்டப் போனா. ஒரு வருசத்துக்கு மேல், கிழமைக்கு 30 மணித்தியாலம். பிள்ளை வயிற்றில் வந்ததும் ஈ.ஐ. (வேலைக் காப்புறுதி) பிரசவக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கப் போனோம். முந்தைய 52 கிழமைக்குள் 600 மணித்தியாலம் இருந்தால் போதும். அவ செய்தது 1500க்கும் மேல். அரசாங்கக் கணினியில் இருந்தது பூச்சியம். தாய்க்கு 15 கிழமை, அதற்குமேல் பிள்ளை பராமரிப்புக்கு 35 கிழமை, சம்பளத்தில் 55 வீதம். ஒரு சதமும் வரவில்லை. முதலாளியிடம் போனால், ‘நான் உங்களுக்கு உதவி செய்தனான்’ என்றார். பத்து வருசத்துக்கு மேலாகிவிட்டது. இப்போதும் அந்த வசனம் ஞாபகத்துக்கு வந்தால் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றும்.

குற்றத்தில் எனக்கும் பங்கு இருந்தது. முதலாளி ரீ-4 என்ற வருடாந்தச் சம்பளப் பத்திரத்தைத் தராவிட்டாலும் அந்த வருமானத்தை நான் வரிக் கணக்கில் காட்டியிருக்க வேண்டும், காட்டவில்லை. அதனால் வீட்டுக் கடனுக்குப் போனபோது வங்கி கேட்ட வரி மதிப்பீட்டுக் கடிதத்தில் நான் ஏதோ சும்மா இருந்தவன் மாதிரித் தெரிந்தேன். அம்மாவை ஸ்பொன்சர் செய்யவும் மூன்று வருச வருமானத்தைக் காட்டச் சொன்னார்கள். அந்த மூன்று வருசத்தை நான் புதிதாக எண்ணத் தொடங்கவேண்டியிருந்தது.

ஒன்றைப் பிரித்து விளங்கிக்கொள்ளுங்கள். சம்பளத்தை நோட்டாகத் தருவது குற்றமில்லை. எவ்வளவு மணித்தியாலம், எவ்வளவு வெட்டினோம் என்று எழுதிய துண்டு இல்லாமல் தருவதில்தான் வில்லங்கம். அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கும் வழி உண்டு. வேலைச் சட்டம் கைக்காசுக்காரனையும் காக்கும். தொழில் அமைச்சுக்கு முறைப்பாடு கொடுக்கக் காசு தேவையில்லை, இரண்டு வருசத்துக்குள் கொடுக்கலாம். உங்கள் வேலை ஈ.ஐ.க்கும் சி.பி.பி. என்ற கனடா பென்ஷனுக்கும் சேருமா என்று வருமானவரித் திணைக்களத்திடம் தீர்மானம் கேட்கலாம். அதைக் கேட்க, வேலை செய்த வருசத்துக்கு அடுத்த வருசம் ஜூன் 29 வரைதான் அவகாசம். இதற்கெல்லாம் சாட்சி வேண்டும். ஒரு கொப்பியில் நாள், போன நேரம், வந்த நேரம் எழுதிவையுங்கள். முதலாளி அனுப்பிய மெசேஜ்களை அழிக்காதீர்கள். நான் ஒன்றும் எழுதிவைக்கவில்லை. மனுசியின் குடும்பக் கணக்குக் கொப்பியில் பால், பாண் விலைதான் இருந்தது.

தமிழ்நாட்டிலிருந்து படிக்க வரும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு சொல்: வகுப்பு நடக்கும் காலத்தில் கல்லூரிக்கு வெளியே கிழமைக்கு 24 மணித்தியாலம்தான். மிச்சத்தைக் கையில் தருகிறேன் என்று சொல்பவருக்கு நட்டமில்லை. பின்னால் விசாவுக்குப் பதில் சொல்லப்போவது நீங்கள்.

அடுத்தவரின் கடனுக்குக் கையெழுத்து

போடாதீர்கள். மாமாவாக இருந்தாலும்.

வருமானம் இல்லை, எதற்கு ஃபைல் பண்ண வேண்டும்?

பிள்ளைகளுக்காக அரசாங்கம் தரும் பிள்ளைக் காசும், விற்பனை வரிக்கு ஈடாகத் தரும் ஜி.எஸ்.ரி. காசும் வரிக் கணக்கைப் பார்த்துத்தான் வரும். பூச்சியம் என்றாலும் ஏப்ரல் 30க்குள் அனுப்புங்கள், கணவனும் மனைவியும் இருவரும். அவருடையதை அனுப்பிவிட்டு அவவுடையதை விட்டதால் ஜூலையில் பிள்ளைக் காசு நின்றுபோன வீடுகள் எனக்குத் தெரியும்.

பேஸ்மென்ற் முற்பணம்

முதல் மாதமும் கடைசி மாதமும் கேட்பது வழக்கம், சட்டமும் அதற்கு இடம் தருகிறது. ‘சுவர் பழுதானால் பிடிக்க’ என்று தனியாக வைப்புக் கேட்க ஒன்ராறியோவில் உரிமை இல்லை. ஆனால் வீட்டுக்காரரோடு ஒரே குசினியை அல்லது குளியலறையைப் பகிர்ந்தால் அந்த வாடகைச் சட்டமே உங்களுக்குப் பொருந்தாது. ஸ்காபரோவில் பலர் முதல் வருசம் அப்படித்தான் இருக்கிறார்கள். சாவி வாங்குமுன் குசினி யாருடையது என்று கேளுங்கள்.

கிரெடிட் கார்ட்

ஒன்று எடுங்கள். மாதாமாதம் வரும் பில் முழுவதையும் கட்டுங்கள்.

ஊர் லைசென்ஸ்

வந்து 60 நாள்வரை அதோடு வாகனம் ஓட்டலாம். அதற்குப் பிறகு ஒன்ராறியோ லைசென்ஸின் முதல் படியான ஜி-1 எழுத்துப் பரீட்சை. ஊரில் இரண்டு வருசத்துக்கு மேல் ஓட்டியவர்கள், லைசென்ஸ் தந்த இடத்தில் அத்தாட்சிக் கடிதம் வாங்கி வந்தால், நடுப் படியான ஜி-2வைத் தாண்டி, முழு லைசென்ஸுக்கான ஜி பரீட்சைக்கு நேரே போகலாம். விமானம் ஏறுமுன் எடுக்கவேண்டிய கடிதம் இது. என் தம்பியார் நான் சொல்லியும் கேட்காமல் இரண்டு கிலோ மிளகாய்த்தூளோடு வந்து இறங்கினார். பிறகு கடிதத்துக்காக அம்மாதான் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு பஸ் ஏறினா.