பூட்டிக் கிடந்த ஊர் வீடும் பூஞ்சணமும்

டிசம்பர் லீவுக்கு யாழ்ப்பாணம் போகிறவர்கள் முன்கூட்டியே ஊருக்குப் போன் எடுத்து, "வீட்டுக்கு ஒருக்கா பெயின்ற் அடிச்சு வையுங்கோ" என்று சொல்லி விடுவார்கள். அந்தக் காசை வேறு வேலைக்கு அனுப்புங்கள் என்பேன். ஐப்பசி தொடங்கிப் பெய்யும் மாரி மழையில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் சுவர் ஊறிப்போயிருக்கும். அதன்மேல் எமல்ஷன் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லை. நீங்கள் இறங்கும்போது சுவர் பளிச்சென்று இருக்கும். தைப்பொங்கலுக்குள் பூஞ்சணம் கறுப்புப் புள்ளிகளாக மேலே வந்துவிடும்.

காசு போக வேண்டிய இடம் கூரை. புரட்டாதியிலேயே ஓர் ஆளை ஏற்றிப் கூரைத் தண்ணீர் ஓடும் பீலியில் அடைத்திருக்கும் மாவிலையை அள்ளச் சொல்லுங்கள். பிளாட் (தட்டையான கொங்கிரீட் கூரை) போட்ட வீடென்றால் தண்ணீர் இறங்கும் குழாயின் வாயைப் பார்க்க வேண்டும். ஓட்டு வீடென்றால் உடைந்த, விலகிய ஓடுகளை மாற்ற வேண்டும். வெளிச்சுவரோடு ஒட்டி மண் குவிந்திருந்தால் அதையும் வெட்டி எடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் வாட்ஸ்அப்பில் படம் கேளுங்கள், தப்பில்லை.

வந்து சேர்ந்ததும் கதவைத் திறந்த கையோடு ஃபானைப் போடாதீர்கள். அலுமாரி மேலும் சுவரிலும் இருக்கிற பூஞ்சணத்தின் வித்துத் துகள்களை அது அறை முழுக்கப் பரப்பிவிடும். யன்னல்களை மட்டும் திறந்து வையுங்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால், துப்புரவு முடியும்வரை அவர் உறவினர் வீட்டில் தங்குவதே நல்லது.

சுவரில் தெரியும் வெள்ளை எல்லாம் பூஞ்சணம் இல்லை. தரையோடு சேர்ந்த பகுதியில் பொருபொருவென்று பூத்திருப்பது பெரும்பாலும் உப்பு. கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: உப்பு கரைந்து மறையும், பூஞ்சணம் கரையாது. உப்பென்றால் நிலத்து ஈரம் சுவரில் ஏறுகிறது என்று அர்த்தம். அதற்கு மேசனைத்தான் கூப்பிட வேண்டும்.

பூஞ்சணம் மூன்றடிக்கு மூன்றடி அளவுக்குள் இருந்தால் நீங்களே துடைக்கலாம். அதைவிடப் பரவியிருந்தால் வேலை தெரிந்தவர்களிடம் விடுங்கள். N95 மாஸ்க், ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். காய்ந்தபடி விளக்குமாற்றால் தட்டவே கூடாது. முதலில் நனைத்து, சவர்க்காரத் தண்ணீரும் பிரஷும் போட்டுத் தேய்த்து, துணியால் ஒற்றி, நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம்தான் ஃபான். குளியலறை டைல்ஸுக்கு ஒரு பங்கு திரவ ப்ளீச்சும் பதினாறு பங்கு தண்ணீரும் போதும். ஊரில் ப்ளீச்சோடு கழிவறை கழுவும் அமிலத்தையும் ஊற்றி ஒரேயடியாகத் தேய்க்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைக்கும். வேலைக்கு வருகிறவரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வினிகர், அமோனியா எதையும் ப்ளீச்சோடு சேர்க்கக் கூடாது.

பூஞ்சணம் ஏறிய பஞ்சு மெத்தையையும் தலையணையையும் வெயிலில் போட்டுத் தப்பவைக்கப் பார்க்காதீர்கள். மணம் குறையும், உள்ளே இருப்பது போகாது. அம்மாவின் மெத்தை என்றாலும் எறியத்தான் வேண்டும். தேக்கு அலுமாரியைத் துடைத்துக் காயவைத்தால் பிழைக்கும். அமுக்குப் பலகையில் (சிப்போர்ட்) செய்தது ஊதிப்போயிருந்தால் அவ்வளவுதான். அல்பத்தில் ஒட்டிப்போன படங்களைப் பிய்க்காமல் அப்படியே போனில் படம் பிடித்துவிடுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

திரும்பும்போது தண்ணீர்த் தாங்கியின் வால்வைப் பூட்டுங்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கதவைக் கொஞ்சம் திறந்தபடி விடுங்கள். பூச்சி உருண்டை பூச்சிக்குத்தான், ஈரத்துக்கு ஒன்றும் செய்யாது. சாவி வைத்திருப்பவரிடம் மழை நேரத்தில் யன்னலைத் திறக்க வேண்டாம், வெயில் எறிக்கிற மத்தியானத்தில் திறந்தால் போதும் என்று சொல்லுங்கள். ஈரப்பதம் காட்டும் சின்ன மீற்றர் ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டால் அவருக்கும் சுலபம்: 60 வீதத்துக்கு மேலேயே நிற்கிறதென்றால் உங்களுக்கு ஒரு போன்.

சரி, பெயின்ற்? பங்குனி, சித்திரை வெயிலில் சுவர் காய்ந்த பிறகு அடிக்கச் சொல்லுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவர் என்றால் எமல்ஷனே வேண்டாம், சுண்ணாம்பே அடியுங்கள். ஈரம் வெளியேறும், காரத்தன்மையால் பூஞ்சணமும் லேசில் பிடிக்காது.