சோறு வைக்காத மதிய டப்பா: அடம்பிடிக்கும் தம்பிக்காக நான் பழகிய முறை

என் தம்பி என்னோடுதான் வேளச்சேரியில் இருக்கிறான். வயது 29. போன வருடம் ரத்தப் பரிசோதனையில் அவனுக்கு எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எண்) 6.1 என்று வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். எங்கள் அப்பா பல வருடங்களாக மாத்திரையில் ஓடுகிறவர், அதனால் இந்த எண் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. சோறு, இட்லி, தோசையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் அனுப்பிவிட்டார்.

காலையும் இரவும் வீட்டில் சாப்பிடுவதால் சமாளித்துவிடலாம். மதியம்தான் சிக்கல். 7:45-க்கு நான் கட்டிக்கொடுக்கும் டப்பாவை அவன் திறக்க 1:15 ஆகிவிடும். அதோடு அவன் வாய் லேசில் அடங்காது. சுரைக்காய், பீர்க்கங்காய், சௌசௌ, பூசணி எதையும் தொடமாட்டான். பச்சைக் காய்கறி சாலட் வைத்தால் டப்பா வைத்தபடியே திரும்பி வரும். இரண்டு மாதம் பல விதமாகச் செய்து பார்த்த பிறகு, டப்பா காலியாக வரும் ஒரு முறை பிடிபட்டது. அதைத்தான் எழுதுகிறேன்.

படி 1: "எது பிடிக்காது" என்பதோடு நிறுத்தாதீர்கள், "ஏன் பிடிக்காது" என்று கேளுங்கள்

முதலில் நான் பிடிக்காத காய்களைத்தான் பட்டியல் போட்டேன். அதைப் பார்த்தால் சமைக்கவே ஒன்றும் மிஞ்சவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக உட்கார்ந்து கேட்டபோது விஷயம் புரிந்தது. அவனுக்குச் சுவை பிரச்சினையே இல்லை. கொழகொழவென்று இருப்பதும் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்பதும்தான் ஆகாது. அப்படியென்றால் மொறுமொறுப்பாக வறுத்த வெண்டைக்காய், கோவைக்காய் வறுவல், உதிரியான முட்டைகோஸ் பொரியல், பீன்ஸ் எல்லாம் சரி. அவனுக்குப் பிடித்த ருசிகளையும் எழுதிக்கொண்டேன்: எலுமிச்சை சாதத் தாளிப்பு, மிளகு, கறிவேப்பிலைப் பொடி, சிக்கன் சுக்கா, தயிர் சாதம். அந்த ருசிகளை அப்படியே வைத்துக்கொண்டு அடியில் இருக்கும் சோற்றை மட்டும் மாற்றினால் போதும்.

படி 2: சோற்றை எடுத்த இடத்தை நிரப்புங்கள்

வெந்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து. தம்பி டப்பாவில் தாராளமாக 300 கிராம் சோறு போகும். அதை எடுத்தால் 80 கிராமுக்கு மேல் மாவுச்சத்து குறைகிறது. கூடவே 400 கலோரிக்குப் பக்கமாகவும் குறைகிறது. நான் அதை யோசிக்கவே இல்லை. முதல் 15 நாள் காலிஃபிளவரும் பொரியலும் மட்டும் வைத்து அனுப்பினேன். 4 மணிக்கு அவன் டீக்கடையில் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பசிக்கிறவனைக் குற்றம் சொல்ல முடியாது.

இப்போது டப்பாவில் முதலில் புரதத்துக்கு இடம் ஒதுக்கிவிட்டுத்தான் மற்றதை யோசிக்கிறேன். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம், 100 கிராம் பனீரில் சுமார் 18 கிராம், எலும்பில்லாத கோழி 150 கிராமில் 30 கிராமை ஒட்டி. குறைந்தது 25 கிராமாவது வருகிற மாதிரி பார்த்துக்கொள்கிறேன். அதற்கு மேல் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, நறுக்கி வறுத்த தேங்காய்ப் பல், நல்லெண்ணெய். எண்ணெயைக் கண்டு பயப்படாதீர்கள். சோறும் இல்லாமல் எண்ணெயும் இல்லாமல் வெறும் காயை வைத்து அனுப்பினால் நாள் முழுக்க யாராலும் தாங்க முடியாது.

படி 3: காலிஃபிளவர் சாதம், ஈரமில்லாமல்

சோற்றுக்குப் பதிலாகக் காலிஃபிளவரைத் துருவி வறுப்பதுதான் இது. என்னைப் படுத்திய இடமும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வீட்டில் சூடாகச் சாப்பிடும்போது நன்றாக இருந்த காலிஃபிளவர் சாதம், மதியம் டப்பாவில் கஞ்சி மாதிரி ஆகிவிட்டது. மூடியைத் திறந்ததும் ஒரு வாடை வேறு. "அக்கா, இனி இது வேண்டாம்" என்று சொல்லிவிட்டான். மூன்று தடவை வீணாக்கிய பிறகுதான் தப்பு எங்கே என்று கண்டுபிடித்தேன்.

காலிஃபிளவரில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். போதாததற்குப் புழுவுக்காக மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் வேறு முக்குகிறோம். அந்த ஈரத்தோடு துருவினேன், உப்பை முதலிலேயே போட்டேன், மூடி வைத்து வேகவிட்டேன். மூன்றுமே தப்பு. உப்பு தண்ணீரை வெளியே இழுக்கும். மூடி அந்த நீராவியைத் திரும்ப உள்ளேயே விழவைக்கும். மூடி போட்டு நேரம் அதிகமாக வேகவிட்டால் அந்த வாடையும் கூடும்.

இப்போது செய்வது இப்படி. முந்தின நாள் மாலை பூவை உதிர்த்து வெந்நீரில் இரண்டு நிமிடம் போட்டு வடிகட்டி, பருத்தித் துணியில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம் வைக்கிறேன். பிறகு உலர்ந்த துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். காலையில் கேரட் துருவியின் பெரிய துளையில் துருவுகிறேன். துருவியது ஈரமாகத் தெரிந்தால் துணியில் கட்டி ஒரு பிழி. மிக்ஸி வேண்டவே வேண்டாம் என்பேன். ஒரு நொடி கூடினாலும் மாவாகிவிடும். கை வலிக்கிறது என்றால் ஈரமில்லாத ஜாரில் பாதி அளவுக்குப் போட்டு, விட்டு விட்டு இரண்டு சுற்று மட்டும் ஓட்டுங்கள்.

அகலமான இரும்புக் கடாயை நன்றாகக் காயவிட்டு, நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, வேர்க்கடலை, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம், மஞ்சள்தூள் தாளியுங்கள். துருவலைப் போட்டு, தீயைக் கூட்டி, மூடாமல் பரப்பிப் பரப்பிக் கிளறுங்கள். ஐந்தாறு நிமிடம் போதும். கடாயில் நீராவி அடங்கி, கரண்டியில் எடுத்தால் பொலபொலவென்று உதிர வேண்டும். அப்போதுதான் உப்பு. அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் கழித்து எலுமிச்சைச் சாறு. சின்னக் கடாயில் நிறையக் குவித்தால் வறுபடாது, வெந்துதான் போகும். இரண்டு பேருக்கு என்றால் இரண்டு தடவையாகச் செய்யுங்கள். இந்த வேலைக்கு நான்ஸ்டிக்கை விட இரும்புதான் எனக்குப் பிடித்தது, பெரிய தீயைத் தாங்கும்.

கோடையில் காலிஃபிளவர் விலையும் ஏறும், பூவும் நன்றாக இருக்காது. அப்போது முட்டைகோஸை மெல்லிசாகச் சீவி இதே முறையில் செய்யலாம்.

படி 4: என்ன வைப்பது

வாரத்தில் ஐந்து நாளும் புதிதாகச் செய்ய வேண்டும் என்று உங்களை நீங்களே வருத்திக்கொள்ளாதீர்கள். அடம்பிடிக்கிறவர்களுக்குப் பழகிய சாப்பாடு திரும்பத் திரும்ப வந்தால்தான் நிம்மதி. எங்கள் வீட்டில் நான்கே டப்பாக்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன.

எலுமிச்சைக் காலிஃபிளவர் சாதத்தோடு மூன்று முட்டை மிளகு வறுவல் வைப்பது முதல் டப்பா. முட்டையைத் தண்ணீர் கொதித்த பிறகு 9 நிமிடம் மட்டும் வேகவைத்து, உடனே குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். அதிகம் வெந்தால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் வரும், ஆபீசில் பக்கத்து நாற்காலி வரை வாடையும் போகும்.

கோழி நாளில் சுக்காவும் பீன்ஸ் பொரியலும். முந்தின இரவே மஞ்சள், மிளகு, இஞ்சி பூண்டு, உப்பு தடவி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் காலையில் 20 நிமிட வேலைதான். ஈரம் சுண்டுகிற வரை வறுக்க வேண்டும். அரைத்த தேங்காய் சேர்க்காதீர்கள், சென்னை வெயிலில் மதியத்துக்குள் ஊசிப்போகும். ஆபீசில் ஃப்ரிட்ஜ் இருந்தால் போனதும் டப்பாவை அதில் வைத்துவிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் கோழியைக் குளிர் பொட்டலம் வைத்த பையில் மட்டும் அனுப்புங்கள்.

மூன்றாவது முட்டை அடை. மூன்று முட்டையை அடித்து, சின்ன வெங்காயம், முருங்கைக்கீரை, மிளகு சேர்த்து இரண்டு மெல்லிய அடையாக ஊற்றி, உள்ளே வறுத்த பனீர் வைத்துச் சுருட்டுகிறேன். பனீரை வீட்டிலேயே எடுப்பது எனக்குப் பிடிக்கும். ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால் (கொழுப்பு நிறைந்தது) 1 லிட்டரைத் திரித்தால் 200 கிராமுக்குப் பக்கமாகக் கிடைக்கும்.

தயிர் டப்பா வெள்ளிக்கிழமைக்கு. தாளித்த காலிஃபிளவர் துருவல் ஒரு டப்பாவில், துணியில் கட்டித் தண்ணீர் வடித்த கெட்டித் தயிர் இன்னொரு சின்ன டப்பாவில். சாப்பிடும்போது கலந்துகொள்வான். காலையிலேயே கலந்தால் புளித்துவிடும். கூட மோர் மிளகாய் வைத்தால் தம்பிக்குச் சோற்று நினைப்பே வருவதில்லை. இதில் புரதம் குறைவு, அதனால் 100 கிராம் பனீர் வறுவல் தனியாக வைக்கிறேன்.

படி 5: ஆறவிட்டு மூடுங்கள்

சூடாக மூடினால் மூடியின் உட்பக்கம் வியர்த்து எல்லாம் திரும்ப ஈரமாகும். அகலத் தட்டில் பரப்பி மின்விசிறியில் 10 நிமிடம், பிறகு டப்பாவில். ஹாட்பேக் இதற்குச் சரிப்படாது. தட்டையான எவர்சில்வர் டப்பா, இரண்டு பக்கமும் கொக்கி உள்ளது, அவ்வளவு போதும்.

பிறகு சேர்த்தவை

இந்தக் குறிப்பைப் படித்தவர்கள் கேட்டதில் முக்கியமானது சிறுதானியம். தினை, சாமை, வரகு எல்லாம் நல்ல உணவுதான், நார்ச்சத்து அதிகம். ஆனால் மாவுச்சத்து அரிசியை விடக் கொஞ்சம்தான் குறைவு. சாமைச் சோற்றை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு லோ கார்ப் (மாவுச்சத்து குறைந்த சாப்பாடு) என்று நினைக்க வேண்டாம். கொண்டைக்கடலைச் சுண்டலும் அப்படித்தான், வெந்தது 100 கிராமில் 27 கிராம் வரை மாவுச்சத்து இருக்கும். ஒரு கைப்பிடி சரி, ஒரு டப்பா கூடாது.

இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் சோற்றைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. மருந்தின் அளவு அப்படியே இருந்து சாப்பாடு மட்டும் குறைந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் புரதத்தின் அளவையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ரசம். குழம்பு, ரசம் இல்லாமல் தொண்டையில் இறங்காது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். தம்பியும் அதையேதான் சொன்னான். காலிஃபிளவர் மேல் ரசத்தை ஊற்றினால் நாம் பாடுபட்டு எடுத்த ஈரமெல்லாம் திரும்ப வந்துவிடும். அதனால் மிளகு ரசத்தைச் சின்ன பிளாஸ்கில் சூடாகக் கொடுத்துவிடுகிறேன். டம்ளரில் ஊற்றி, இடையிடையே குடித்துக்கொள்கிறான்.