கேபினட் வாங்கும் முன் விளக்கை அணைத்துப் பாருங்கள்

கடையில் கம்ப்யூட்டர் கேபினட் கேட்டால் பெரும்பாலும் நிறம் மாறும் ஆர்ஜிபி விளக்குகளை எரியவிட்டுத்தான் காட்டுவார்கள். அதை அணைக்கச் சொல்லிவிட்டு முன்பக்கத்தைப் பாருங்கள். முழுக்கக் கண்ணாடியோ அக்ரிலிக் பலகையோ அடைத்திருந்தால், பின்னால் வரிசையாக நிற்கும் மூன்று ஃபேனும் காற்றை எங்கிருந்து இழுக்கும்? ஓரத்தில் விரல்கூட நுழையாத இடுக்கு வழியாகத்தான். அறையே 38 டிகிரியில் கொதிக்கும் மே மாதத்தில் அந்த இடுக்கு போதாது. கிராபிக்ஸ் கார்டு சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நாம் கார்டைக் குறை சொல்வோம்.

கண்ணாடி என்றாலே தவறு என்றில்லை. லியான் லி நிறுவனம் 2018-இல் கொண்டுவந்த ஓ11 டைனமிக் கேபினட்டில் முன்பக்கமும் பக்கவாட்டும் கண்ணாடிதான். ஆனால் அடியிலும் மறுபக்கத்திலும் ஃபேன் வைக்க இடம் இருக்கிறது. அதே தோற்றத்தில் மலிவாக ஒன்றை வாங்கி, அடியில் ஃபேனே போடாமல் விடுவதுதான் சிக்கல். பட்ஜெட் குறைவென்றால் என் ஓட்டு மெஷ் (வலை) முகப்புக்கே. கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் ஊர்த் தூசிக்கு அது இல்லாமல் முடியாது.

‘ஆறு ஃபேன் இலவசம்’ என்பதையும் அப்படியே நம்பவேண்டாம். அவை மதர்போர்டில் மாட்டாமல், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) நேராக மின்சாரம் எடுக்கும் மோலெக்ஸ் இணைப்பில் ஓடுபவை என்றால் மதர்போர்டால் வேகத்தைக் கட்டுப்படுத்த முடியாது. நாள் முழுக்க ஒரே இரைச்சல்தான்.

அதிகம் பேர் சறுக்குவது அளவில். ‘ஏடிஎக்ஸ் சப்போர்ட்’ என்றால் 305 × 244 மில்லிமீட்டர் மதர்போர்டு பொருந்தும், அவ்வளவுதான். கிராபிக்ஸ் கார்டும், பிராசஸரைக் குளிர்விக்கும் கூலரும் தனிக் கணக்கு. பெட்டியில் ‘ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) 330 மி.மீ. வரை’ என்று போட்டிருப்பது பெரும்பாலும் முன்பக்கம் காலியாக இருக்கும்போது எடுத்த அளவு. அங்கே லிக்விட் கூலரின் ரேடியேட்டர் மாட்டினால் அதன் தடிமன் 27, ஃபேனுக்கு 25 என 52 மில்லிமீட்டர் போய்விடும். மிச்சம் 278. ஆர்டிஎக்ஸ் 4090 ஃபவுண்டர்ஸ் எடிஷன் கார்டின் நீளமே 304. ஏர் கூலர் என்றால் உயரத்தைப் பாருங்கள்: நாக்டுவா என்எச்-டி15 165 மில்லிமீட்டர் உயரம். கேபினட்டில் 160தான் இருந்தால் பக்கக் கதவு மூடாது.

பின்பக்கத்தில் கார்டுகள் மாட்டும் இடத்தை மூடியிருக்கும் ஸ்லாட் மூடிகளை யாரும் கவனிப்பதில்லை. மலிவுக் கேபினட்டுகளில் அவை உடைத்தெடுக்கும் தகடுகள். ஒருமுறை எடுத்துவிட்டால் திரும்ப மாட்ட வழியில்லை. அந்த ஓட்டை வழியாகக் கரப்பான் மட்டுமல்ல, பல்லியும் குடிவரும். திருகு போட்ட மூடிகளாகப் பார்த்து வாங்குவது நல்லது.

திருகு என்றதும் ஒன்று. என்இசட்எக்ஸ்டி நிறுவனத்தின் எச்1 என்ற குட்டிக் கேபினட் 2021-இல் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டது. கிராபிக்ஸ் கார்டை மதர்போர்டோடு இணைக்கும் ரைசர் கார்டைப் பிடித்திருந்த திருகால் ஷார்ட் சர்க்யூட் ஆகித் தீப்பிடிக்கும் ஆபத்து இருந்ததே காரணம். அழகான வடிவமைப்புக்காகப் பெயர் வாங்கிய மாடல் அது.

கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று ஷாக் அடிக்கிறது என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் முதலில் வீட்டு எர்த்தைச் சோதிக்கட்டும். எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் வடிகட்டிக் கெபாசிட்டர்கள் வழியாக மிகச் சிறிய மின்கசிவு இரும்புச் சட்டத்துக்கு எப்போதும் வரும். எர்த் சரியாக இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாத வீட்டில் எந்தக் கேபினட்டை மாற்றினாலும் இதே கதைதான். ஆனால் ஷாக் பலமாக அடித்தால் எஸ்எம்பிஎஸ்ஸே பழுதாகியிருக்கலாம். உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பக்கக் கண்ணாடியைக் கழற்றினால் டைல்ஸ் தரையில் நிறுத்தி வைக்காதீர்கள். டெம்பர்டு கண்ணாடியின் விளிம்பு பீங்கானில் லேசாக இடித்தாலே மொத்தமும் பொடியாகிவிடும். கட்டில் மெத்தையில் படுக்கப்போடுங்கள்.