தேடாமல் கண்ணில் பட்டதா? ‘கம் அக்ராஸ்’ என்று சொல்லுங்கள்

என் மாலை நேர ஆங்கில வகுப்பில் ‘கம் அக்ராஸ்’ சொல்லித்தரும்போது முதலில் ஒரு கேள்விதான் கேட்பேன். அந்தப் பொருளைத் தேடினீர்களா, தானாகக் கண்ணில் பட்டதா?

பீரோவில் வீட்டுப் பத்திரத்தைத் தேடுகிறீர்கள். பத்திரமும் கிடைத்தது, அதன் அடியில் அம்மாவின் கல்யாண ஃபோட்டோ ஒன்றும் அகப்பட்டது. பத்திரத்துக்கு ‘ஐ ஃபவுண்ட் இட்’. ஃபோட்டோவுக்கு ‘ஐ கேம் அக்ராஸ் அன் ஓல்ட் ஃபோட்டோ’. ‘ஃபைண்ட்’ இரண்டுக்கும் பொருந்தும்; ‘கம் அக்ராஸ்’ தேடாமல் கிடைத்ததற்கு மட்டும்தான்.

1863-இல் பல்லாவரத்தில் சரளை தோண்டிய குழியருகே நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்ணில் ஒரு பழைய கற்காலக் கருவி பட்டதே, அது ‘கேம் அக்ராஸ்’. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடுகளைத் தேடிப் பிடித்தாரே, அது ‘ட்ராக்ட் டவுன்’. அந்த உழைப்புக்குப் போய் ‘கேம் அக்ராஸ்’ போட எனக்கு மனசு ஒப்பாது.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது வாக்கியத்தைத் தொடங்கும் இடத்தில். தமிழில் ‘ஃபோட்டோ என் கண்ணில் பட்டது’ என்போம், ஃபோட்டோதான் எழுவாய். அதே நினைப்பில் ‘தி ஃபோட்டோ கேம் அக்ராஸ் மீ’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் பார்த்த ஆள் முன்னால் வர வேண்டும், பொருள் பின்னால். வாயைத் திறக்கும்போதே ‘ஐ’, ‘ஷி’, ‘மை பிரதர்’ என்று ஆளைச் சொல்லிப் பழகுங்கள், மீதி தானாக அமையும்.

நடுவில் எதையும் செருகக் கூடாது. ‘கேம் இட் அக்ராஸ்’ தப்பு, ‘கேம் அக்ராஸ் இட்’ சரி. பின்னால் ‘வித்’ ஒட்டுவதும் வேண்டாம்.

இன்டர்வியூவில் ‘ஹேவ் யூ கம் அக்ராஸ் திஸ் சாஃப்ட்வேர்?’ என்று கேட்டால், இதற்கு முன் பார்த்திருக்கிறீர்களா, பழக்கமுண்டா என்று அர்த்தம். ‘ஹேவ்’ வந்தால் ‘கேம்’ கிடையாது, ‘கம்’தான். ‘யெஸ், ஐ ஹேவ் கம் அக்ராஸ் இட் அட் காலேஜ்’ என்று தயங்காமல் சொல்லலாம்.

‘ஷி கம்ஸ் அக்ராஸ் ஆஸ் கான்ஃபிடன்ட்’ என்றால் மட்டும் சங்கதி வேறு. அங்கே எதுவும் கிடைக்கவில்லை. பார்ப்பவர்களுக்கு அவள் தன்னம்பிக்கை உள்ளவளாகத் தெரிகிறாள். ‘ஆஸ்’ காதில் விழுந்தால் இந்தப் பொருளை எடுத்துக்கொள்ளுங்கள்.