பழைய பின்பால் மெஷினுக்கு கிரவுண்ட் சரிசெய்வது எப்படி?

"எர்த்துதான வே? மூணாவது பின்னை ஒடிச்சிட்டா எந்த பாயிண்ட்லயும் ஏறிரும்" என்றார் எலக்ட்ரீசியன் அண்ணாச்சி. அவர் கை வைக்குமுன் பிளக்கைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். பாளையங்கோட்டைப் பழைய வீடுகளில் பாதி பாயிண்டுக்கு எர்த்தே கிடையாது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

பின்பால் (pinball) என்பது காசு போட்டு, உருளும் குண்டைத் தட்டி விளையாடும் ஆட்டப்பெட்டி. அதில் எர்த் இரண்டு வகை. ஒன்று, ஆளைக் காப்பது. பச்சை வயர் வழியே, காசு போடும் காயின் கதவையும் டிரான்ஸ்பார்மர் சட்டத்தையும் தொட்டு நிற்கும். மற்றது போர்டுகளின் கிரவுண்ட், கரண்ட் திரும்பிப் போகிற வழி. புதியவர்கள் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். குண்டைத் தட்டும் காந்தச் சுருளான காயிலைக் கருக்குவது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

காட்லீப் (Gottlieb) கம்பெனி 1980-ல் கொண்டுவந்த சிஸ்டம் 80 வகையை எடுத்துக்கொள்வோம். பவர் சப்ளை, கன்ட்ரோல் போர்டு, டிரைவர் போர்டு மூன்றுக்கும் கிரவுண்ட், போர்டின் ஓரத்தில் செருகும் எட்ஜ் கனெக்டர் வழியாகவே போகிறது. நாற்பது வருடத்தில் அந்த நாக்குகள் கறுத்துத் தளர்ந்துவிடும். தொடுப்பு விட்டால், காயிலுக்குச் சுவிட்சாக இருக்கும் டிரான்சிஸ்டர் அணையாமல் ஆனிலேயே நிற்கும். நொடிநேரம் இழுக்கச் சுற்றிய காயில் விடாமல் இழுத்தால் எரியாமல் என்ன செய்யும்?

முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். பெரிய கெப்பாசிட்டரில் மிச்ச வோல்டேஜ் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள்.

அடுத்து மீட்டரை ஓம்ஸில் வைத்து, பிளக்கின் எர்த் பின்னுக்கும் காயின் கதவுக்கும் நடுவே அளக்கவும். ஒரு ஓமுக்குள் வரவேண்டும். பிறகு ஒவ்வொரு போர்டின் கிரவுண்டிலிருந்தும் கீழ்ப்பலகையின் பொது கிரவுண்ட் முனைக்கு அளந்து, கனெக்டரை லேசாக ஆட்டுங்கள். எண் துள்ளினால் ஆள் அகப்பட்டான்.

கன்ட்ரோல் போர்டு பேட்டரி கசிந்திருந்தால், பச்சை பூத்த இடத்தை வினிகர் தொட்டுத் துடைத்து, கழுவி, நன்றாக உலர்த்திவிட்டு மேலே போங்கள். அந்தக் காரத்தின் மேல் சால்டர் ஒட்டாது.

இனி வேலை. 1 சதுர மி.மீ. வயர் போதும். மூன்று போர்டின் கிரவுண்ட் தடத்திலும் தனித்தனி வயர் சால்டர் செய்து, கீழே அந்த ஒரே முனைக்குக் கொண்டுவாருங்கள். ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சங்கிலி போடாதீர்கள்; ஒரு இடம் விட்டால் அடுத்ததும் போகும். நடுவில் கழற்றிமாட்டும் கனெக்டர் வைத்தால் பின்னால் என்னை வாழ்த்துவீர்கள். முனையில் ரிங் லக், பல்லுள்ள வாஷர். அடியில் பெயிண்டைச் சுரண்டி இரும்பு தெரியவேண்டும்.

120 வோல்ட் மெஷின் என்றால், வீட்டு வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மரையும் பாருங்கள். பலவற்றின் சாக்கெட்டில் இரண்டு ஓட்டைதான். எர்த் அங்கேயே அறுந்துவிடும். மூன்று பின் உள்ளதாக வாங்குங்கள்.

கடைசியாக வீட்டு எர்த். நியூட்ரலை எர்த்தோடு முடிச்சுப் போடும் குறுக்குவழி வேண்டவே வேண்டாம். அண்ணாச்சியைக் கூப்பிட்டு, பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டுக் குழி வைக்கச் சொல்லுங்கள். தேரிப்பக்கத்துச் செம்மணலில் ஈரம் நிற்காது. சித்திரை வெயிலில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் குழியில் ஊற்றுங்கள்.