ராயபுரத்தை எங்கே வைப்பது? குறுக்கெழுத்துக் கட்டம் அமைக்கும் முறை

குறுக்கெழுத்துப் புதிர் செய்யத் தொடங்குபவர்களில் பலர் முதலில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களை வரைந்துவிட்டு, அப்புறம் சொல் தேடுகிறார்கள். தமிழில் இது சரிப்படாது. சொல்லை முதலில் வையுங்கள். கறுப்புக் கட்டங்கள் தாமாக அமையும். காரணம் நம் எழுத்துகளிலேயே இருக்கிறது. புள்ளி எழுத்தில் சொல் தொடங்காது. உயிரெழுத்து சொல்லின் நடுவில் பெரும்பாலும் வராது. க், ச், ட், த், ப், ற் ஆகிய ஆறில் தமிழ்ச் சொல் முடியாது.

பென்சிலும் கட்டம் போட்ட நோட்டும் போதும். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடைகளுக்குக் குறைவில்லை. ஐந்துக்கு ஐந்து கட்டம் போடுங்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து: ‘கு’வுக்கு ஒன்று, ‘ம்’முக்கு ஒன்று.

அடுத்து, நம் வடசென்னைப் பக்கத்து ஊர்ப்பெயர்களை எண்ணிப் பாருங்கள். தண்டையார்பேட்டைக்கு எட்டுக் கட்டம் வேண்டும், திருவொற்றியூருக்கு ஏழு. இரண்டும் இதில் அடங்காது. ராயபுரம் ஐந்தெழுத்து, கச்சிதம்.

அதை மேல் வரிசையில் வைத்தால் வலது மூலையில் ‘ம்’ வந்து நிற்கும். அங்கிருந்து கீழே எந்தச் சொல்லும் இறங்காது. அடி வரிசையில் வையுங்கள். இப்போது அதே ‘ம்’ மேலிருந்து வரும் சொல்லுக்கு முடிவெழுத்து. ‘ம்’மில் முடியும் சொற்களுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை, குடும்பம் என்று போடலாம். நடுவில் உள்ள ‘பு’வுக்கு அறிவிப்பு. ‘ரா’தான் கொஞ்சம் படுத்தும், அதற்குக் கேமரா கைகொடுக்கிறது.

■ ■ அ ழ கு
■ ■ றி ■ டு
கே ■ வி த ம்
ம ■ ப் ■ ப
ரா ய பு ர ம்

மூன்றாவது வரிசையைப் பாருங்கள். குடும்பத்தின் நடுவில் உள்ள ‘ம்’ வலது ஓரத்தில் இருப்பதால் ‘விதம்’ அதில் வந்து முடிகிறது. நடுவில் மெய்யெழுத்து உள்ள சொற்களை வலது ஓரத்தில் நிறுத்துவது எனக்கு மிகவும் பிடித்த உத்தி. நான்காவது வரிசையில் உள்ள ‘ப்’ அப்படி உதவாது. அதில் சொல் தொடங்கவும் முடியாது, முடியவும் முடியாது. இருபுறமும் கறுப்பு அடித்துவிட வேண்டியதுதான். முதல் வரிசையில் ‘அ’ இருக்கிறது. அதற்கு இடப்பக்கம் எழுத்து வர வழியில்லை. அங்கேயும் கறுப்பு.

ஆங்கில நாளிதழ்ப் புதிர்களில் கட்டத்தைத் தலைகீழாகத் திருப்பினாலும் கறுப்புக் கட்டங்கள் மாறாமல் தெரியும். அந்தச் சமச்சீரை ஆரம்பத்திலேயே பிடித்துத் தொங்க வேண்டாம். சொற்கள் ஒன்றோடொன்று ஒழுங்காகப் பின்னுவதுதான் முக்கியம். அந்த வகையில் இந்தக் கட்டத்திலும் ஒரு குறை உண்டு: கேமரா ஒரே இடத்தில்தான் மற்றச் சொல்லோடு சேர்கிறது. ஏழுக்கு ஏழு கட்டத்துக்குப் போகும்போது ஒவ்வொரு சொல்லும் குறைந்தது இரண்டு இடங்களிலாவது வெட்டிக்கொள்ளும்படி பாருங்கள். புதிரை விடுவிப்பவருக்கு விடை பிடிபட அந்த எழுத்துகள்தான் துணை.

கடைசியாக எண்கள். மேல் வரிசையிலிருந்து இடமிருந்து வலமாக வந்து, சொல் தொடங்கும் கட்டங்களுக்கு மட்டும் வரிசையாக எண் கொடுங்கள். ‘அ’வில் அழகு, அறிவிப்பு இரண்டும் தொடங்கினாலும் எண் ஒன்றுதான். ‘கு’ 2, ‘கே’ 3, ‘வி’ 4, ‘ரா’ 5. பிறகு குறிப்புகளை எழுதலாம். 5, இடமிருந்து வலம்: தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் புறப்பட்ட இடம் (5 எழுத்து).